ஒரே சீட்டுக் கட்டு, மூன்று வெற்றியாளர்கள்: எப்படி எண்ணுவது சரி?

#1 பகாஎண்

வணக்கம். நான் இருக்கும் ஒரு சின்னக் குழுவில் ஓட்டு எண்ணும் பொறுப்பு போன வாரம் என் கைக்கு வந்தது. 21 உறுப்பினர்கள். செயலாளர் பதவிக்கு மூன்று பேர் போட்டி. பெயர்கள் வேண்டாம், க, ச, த என்று வைத்துக்கொள்வோம். மூவரையும் 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி எழுதித் தரச் சொல்லியிருந்தோம். பெட்டியைத் திறந்து அடுக்கியபோது சீட்டுகள் இப்படிப் பிரிந்தன:

8 சீட்டு: க, ச, த
7 சீட்டு: த, ச, க
4 சீட்டு: ச, த, க
2 சீட்டு: ச, க, த

எங்கள் விதி: முதல் விருப்பத்தில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால், கடைசியில் நிற்பவரை நீக்கிவிட்டு அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்ற வேண்டும். முதல் விருப்பம் க 8, த 7, ச 6. எனவே ச போனார். அவருடைய ஆறில் நான்கு த பக்கம், இரண்டு க பக்கம் சேர்ந்தன. க 10, த 11. த வெற்றி என்று அறிவித்தோம்.

அப்புறம்தான் பேச்சு ஆரம்பித்தது. "முதலிடம் அதிகம் வாங்கியது க தானே?" என்றார் ஒருவர். இன்னொருவர், "ச-வையும் த-வையும் மட்டும் நிறுத்தியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?" என்று கேட்டார். அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ச-வா த-வா என்றால் 14க்கு 7, ச வெற்றி. ச-வா க-வா என்றால் 13க்கு 8, மறுபடியும் ச.

ஆக, ஒரே கட்டில் ஒரு கணக்குக்கு க, ஒரு கணக்குக்கு த, இன்னொரு கணக்குக்கு ச. யாரும் ஏமாற்றவில்லை, ஒரு சீட்டும் செல்லாததில்லை. அறிவித்த முடிவை மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அடுத்த தேர்தலுக்கு விதியை மாற்றலாமா என்று முடிவுசெய்ய வேண்டும். இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

#2 வட்டப்பாதை

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். 8 என்பது 7ஐ விடவும் 6ஐ விடவும் பெரியது. க ஜெயித்திருக்க வேண்டும். எவருக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கும் முறை அது. யார் எண்ணினாலும் ஒரே விடை வரும், சந்தேகம் இருந்தால் திரும்ப எண்ணலாம்.

ஒருவர் மனசார "இவர்தான் வேண்டும்" என்று எழுதிய 1-ஐயும், "சரி, இவரும் பரவாயில்லை" என்று எழுதிய 2-ஐயும் ஒரே எடையில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ச-வை முதலில் வேண்டும் என்று சொன்னவர்கள் ஆறே பேர்.

#3 கூட்டல்கழித்தல்

வட்டப்பாதை, அதே சீட்டுகளை ஒருமுறை கீழிருந்து மேலே படித்துப் பாருங்கள். க-வைக் கடைசியில் எழுதியவர்கள் எத்தனை பேர்? 7-ம் 4-ம் சேர்த்து 11. இருபத்தொன்றில் பதினொன்று, அதாவது பாதிக்கு மேல். "மற்ற இருவரில் யார் வந்தாலும் சரி, இவர் மட்டும் வேண்டாம்" என்று பெரும்பான்மை எழுதிக் கொடுத்த ஒருவரை வெற்றியாளராக அறிவிக்கச் சொல்கிறீர்கள். த-வைக் கடைசியில் எழுதியவர்கள் 10 பேர். ச-வைக் கடைசியில் எழுதியவர் ஒருவர்கூட இல்லை.

இந்தக் குறையை முதலில் கணக்காக எடுத்து வைத்தவர் ஜான் சார்ல் த போர்டா. பிரெஞ்சுக் கடற்படைக்காரர், அளவியல் அறிஞர். 1770இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் இதைப் பேசினார். அவர் சொன்ன மாற்று, இடத்துக்கு மதிப்பெண்: மூவர் போட்டியில் முதலிடத்துக்கு 2, இரண்டாம் இடத்துக்கு 1, கடைசிக்கு 0. உங்கள் கட்டில் க 18, த 18, ச 27. ச வெகு தூரம் முன்னே.

1785இல் கோந்தோர்சே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இன்னொரு வழியைச் சொன்னார். மதிப்பெண் எல்லாம் வேண்டாம், ஒவ்வொரு ஜோடியாக எடுத்து மோதவிடு. எல்லாரையும் நேருக்கு நேர் வெல்பவர் ஒருவர் இருந்தால் அவரே வெற்றியாளர். அப்படிப்பட்டவரை இன்றும் கோந்தோர்சே வெற்றியாளர் என்றுதான் சொல்கிறோம். உங்கள் குழுவில் அது ச. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று: ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் யோசனையை 1299இலேயே ரமோன் லுல் என்ற கத்தலான் அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். கோந்தோர்சேக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால்!

வட்டப்பாதை சொன்ன "முதல் விருப்பத்தின் எடை" என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் விருப்பத்தின் அழுத்தம் எந்த வரிசைச் சீட்டிலும் பதிவாவதில்லை. 1 என்று எழுதியவர் மனசார எழுதினாரா, மூவரில் யாரையும் பிடிக்காமல் எழுதினாரா என்று சீட்டுக்குத் தெரியாது. வரிசைதான் தெரியும். அந்த வரிசையில் மேலே உள்ள ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிப்போடுவது நீங்கள் சொல்லும் தனிப் பெரும்பான்மை முறை, அதாவது பாதியைத் தாண்டாவிட்டாலும் முதலிடம் அதிகம் வாங்கியவரே வெற்றி என்பது.

#4 தாமரைக்குளம்

நான் கணக்குப் படித்தவள் இல்லை. ஒரு சந்தேகம். ச எல்லாரையும் தனித்தனியே வெல்பவர் என்றால், பகாஎண் குழுவின் முறை ஏன் அவரை முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பியது? அந்த முறையிலும் வரிசை முழுவதும்தானே எழுதுகிறோம்?

#5 சீட்டெண்ணி

தாமரைக்குளம் அம்மா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். நான் பல வருடம் எண்ணிக்கை மேசையில் உட்கார்ந்தவன். அந்த மேசையிலிருந்தே சொல்கிறேன்.

வரிசை முழுவதும் எழுதுகிறோம், உண்மைதான். ஆனால் எண்ணுபவர் ஒரு நேரத்தில் சீட்டின் மேல்வரியை மட்டுமே பார்க்கிறார். மேலே இருப்பவர் நீக்கப்பட்டால்தான் அடுத்த வரி கண்ணில் படும். க-வுக்கு ஓட்டுப் போட்ட 8 பேரும் ச-வை இரண்டாவதாக எழுதினார்களே, அந்த 8 இரண்டாம் விருப்பங்களை யாராவது படித்தார்களா? இல்லை. க கடைசிவரை நின்றதால் அந்தச் சீட்டுகளின் கீழ்வரி திறக்கப்படவே இல்லை. த-வின் 7 சீட்டும் அப்படியே. மொத்தம் 15 பேருக்கு ச இரண்டாம் விருப்பம். அதில் ஒன்றுகூட எண்ணிக்கைக்குள் வரவில்லை. இருபுறமும் நெருக்க, நடுவில் நிற்பவர் முதல் விருப்பம் குறைந்து வெளியே போய்விடுகிறார்.

அதற்காக இந்த முறையைக் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள். ஆஸ்திரேலியா 1918 முதல் நாடாளுமன்றக் கீழவைக்கு இதைத்தான் பயன்படுத்துகிறது. அந்த ஆண்டு ஸ்வான் தொகுதி இடைத்தேர்தலில் ஒரே பக்கத்து இரண்டு கட்சிகள் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வாங்கிய எதிர்த்தரப்பு வேட்பாளர் ஜெயித்துவிட்டார். அதன் பிறகு உடனே வந்த சட்டம் அது. ஓட்டுப் பிரிவதற்கு அது நல்ல மருந்து.

நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் அரசியலமைப்பின் 55ஆம் பிரிவுப்படி விருப்ப வரிசைதான். இரண்டாம் விருப்பம் வரை எண்ண வேண்டி வந்தது ஒரே ஒரு முறை, 1969இல். ஓட்டு மதிப்பில் வி.வி. கிரி 4,01,515, சஞ்சீவ ரெட்டி 3,13,548, சி.டி. தேஷ்முக் 1,12,769, மற்றவர்களுக்குச் சொற்பம். தேவைப்பட்டது 4,18,169. கீழிருந்து ஒவ்வொருவராக நீக்கி மாற்றியபோது ரெட்டிக்கு 91,879 சேர்ந்தது, கிரிக்கு 18,562தான் சேர்ந்தது. மாறி வந்ததில் ஆறில் ஐந்து பங்கு ரெட்டி பக்கம்! இருந்தும் முதல் சுற்று முன்னிலை கைகொடுத்தது. முடிவு 4,20,077க்கு 4,05,427. தேவையான அளவைக் கிரி தாண்டியது வெறும் 1,908இல்.

இந்த முறையில் எனக்குப் பெரிதாகத் தெரியும் நல்ல குணம் ஒன்று உண்டு. நீங்கள் இரண்டாவதாக யாரை எழுதினாலும் அது உங்கள் முதல் விருப்பத்தைக் கெடுக்காது. முதல் விருப்பமானவர் வெளியே போன பிறகுதான் இரண்டாவது திறக்கப்படும் என்பதால், பயமில்லாமல் எழுதலாம். ஜோடிக் கணக்கில் அந்த உத்தரவாதம் கிடையாது.

#6 நீலத்திமிங்கிலம்

சீட்டெண்ணி ஐயா சொன்ன நல்ல குணம் உண்மை. அதற்குக் கொடுக்கும் விலையையும் பார்த்துவிடுவோம். நான் மென்பொருள் எழுதுபவன். வெளியிடப்பட்ட ஓட்டுத் தரவுகளை இறக்கி எண்ணிப் பார்ப்பதில் ஆர்வம். பகாஎண் குழுவில் நடந்தது 2022 ஆகஸ்டில் அலாஸ்காவில் ஒரு மாநிலம் முழுக்க நடந்தது.

அமெரிக்கக் கீழவை இடைத்தேர்தல். ஜனநாயகக் கட்சியில் மேரி பெல்டோலா, குடியரசுக் கட்சியில் சாரா பேலின், நிக் பெகிச் என்று மூவர். கையால் எழுதிச் சேர்த்த பெயர்களை நீக்கிய பிறகு சீட்டுகள் ஒன்பது அடுக்காக விழுந்தன:

பெல்டோலா மட்டும்: 23,747
பெல்டோலா, பிறகு பெகிச்: 47,407
பெல்டோலா, பிறகு பேலின்: 4,645
பேலின் மட்டும்: 21,272
பேலின், பிறகு பெகிச்: 34,049
பேலின், பிறகு பெல்டோலா: 3,652
பெகிச் மட்டும்: 11,290
பெகிச், பிறகு பேலின்: 27,053
பெகிச், பிறகு பெல்டோலா: 15,467

முதல் விருப்பம்: பெல்டோலா 75,799, பேலின் 58,973, பெகிச் 53,810. பெகிச் நீக்கம். முடிவு பெல்டோலா 91,266, பேலின் 86,026.

இப்போது ஜோடிகள். பெகிச்சும் பெல்டோலாவும்: 87,859க்கு 79,451, பெகிச் வெற்றி. பெகிச்சும் பேலினும்: 1,01,217க்கு 63,618, பெகிச் வெற்றி. இருவரையும் நேரில் வெல்பவர் முதலில் வெளியேறினார். பகாஎண்ணின் ச இவர்தான்.

அடுத்ததை நிதானமாகப் படியுங்கள். "பேலின் மட்டும்" அடுக்கிலிருந்து 5,200 பேர் மனம் மாறிப் பெல்டோலாவுக்கு முதல் விருப்பம் கொடுத்திருந்தால்? நடக்கக்கூடியதா என்பது இருக்கட்டும், கணக்கை மட்டும் பாருங்கள். பெல்டோலா 80,999. பேலின் 53,773. பெகிச் அதே 53,810. இப்போது கடைசியில் நிற்பவர் பேலின், அவர் நீக்கம். அவருடைய சீட்டுகள் பெரும்பாலும் பெகிச்சுக்குப் போகும். முடிவு: பெகிச் 87,859, பெல்டோலா 84,651. ஜெயித்தவருக்கு 5,200 ஓட்டு கூடுதலாகக் கிடைத்திருந்தால் அவர் தோற்றிருப்பார்.

இன்னொன்று. "பேலின், பிறகு பெகிச்" என்று எழுதியவர்களில் 5,200 பேர் அன்று ஓட்டுப்போடவே வராமல் இருந்திருந்தால், பேலின் 53,773க்கு இறங்கி நீக்கப்பட்டிருப்பார். மிச்சப் போட்டியில் பெகிச் 82,659, பெல்டோலா 79,451. வரிசையில் நின்று ஓட்டுப்போட்டதால் அவர்களுக்குக் கிடைத்தது கடைசி விருப்பம். வீட்டிலேயே இருந்திருந்தால் இரண்டாம் விருப்பமாவது கிடைத்திருக்கும்.

பகாஎண் கட்டிலும் இதே வாசம் அடிக்கிறது. க-வின் 8 பேரில் இரண்டே பேர் ச-வை முதலில் எழுதியிருந்தால் க 6, த 7, ச 8 ஆகி க வெளியேறுவார், ச 14க்கு 7 என்று ஜெயிப்பார். மனதில் இருந்ததை அப்படியே எழுதியதற்கு அவர்களுக்குக் கிடைத்தது கடைசி விருப்பமான த.

#7 வட்டப்பாதை

நீலத்திமிங்கிலம் கொடுத்த எண்களை நானே தாளில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஓட்டுக் கூடியதால் தோற்பது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தனிப் பெரும்பான்மை முறையில் அது ஒருநாளும் நடக்காது, அதை இங்கே பதிவுசெய்துகொள்கிறேன்.

ஆனால் 11 பேர் க-வைக் கடைசியில் வைத்ததை நான் கவனிக்கவில்லை என்பதும் உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, போர்டாவின் மதிப்பெண் எளிமையாகத்தானே இருக்கிறது? முழு வரிசையையும் படிக்கிறது, ஓட்டுக் கூடினால் மதிப்பெண் குறையாது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

#8 கூட்டல்கழித்தல்

வைத்துக்கொள்ளலாம், ஒரு நிபந்தனை: யார் போட்டியிடலாம் என்பதை யாரும் திட்டமிட்டு மாற்றக்கூடாது. சின்ன உதாரணம். 5 பேர் குழு. மூவருக்கு க பிடிக்கும், இருவருக்கு ச. இருவர் மட்டும் போட்டி என்றால் க 3, ச 2. இப்போது ச தன்னைப் போலவே பேசும் நண்பர் ஒருவரை நிறுத்துகிறார். அவரை ஞ என்போம். எல்லாரும் ஞ-வை ச-வுக்கு அடுத்தே எழுதுகிறார்கள். மூவர் சீட்டு க, ச, ஞ. இருவர் சீட்டு ச, ஞ, க. மதிப்பெண்: க 6, ச 7, ஞ 2. ஐந்தில் மூன்று பேர் முதலிடம் கொடுத்த க தோற்றுப்போனார். ஒருவருடைய மனமும் மாறவில்லை, கூடுதலாக ஒரு பெயர் வந்தது, அவ்வளவுதான். தனிப் பெரும்பான்மையில் இரட்டை வேட்பாளர் நின்றால் அந்தத் தரப்புக்கு நஷ்டம், போர்டாவில் லாபம். இரண்டுமே கூடாது.

கடும் போட்டியாளரை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளும் தந்திரமும் இதில் சுலபம். தன் முறை நேர்மையானவர்களுக்கானது என்று போர்டாவே பதில் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. நவூரு தீவு நாடு 1971 முதல் இதன் உறவுக்கார முறை ஒன்றைப் பயன்படுத்துகிறது: முதலிடத்துக்கு 1, இரண்டாம் இடத்துக்கு அரை, மூன்றாம் இடத்துக்கு மூன்றில் ஒன்று, இப்படியே இறங்கும்.

நான் ஜோடிக் கணக்கின் பக்கம். அதன் ஓட்டையையும் நானே காட்டிவிடுகிறேன். மூன்று பேர் இப்படி எழுதினால்:

க, ச, த
ச, த, க
த, க, ச

க, ச-வை 2க்கு 1 வெல்கிறார். ச, த-வை 2க்கு 1. த, க-வை 2க்கு 1. வட்டம்! ஒவ்வொருவர் மனதிலும் தெளிவான வரிசை இருக்கிறது, கூட்டத்துக்கு மட்டும் வரிசை இல்லை. இதைக் கண்டு எழுதியவரும் கோந்தோர்சேதான். எவ்வளவு அடிக்கடி நடக்கும்? மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு வரிசையை எழுதினால் ஆளுக்கு 6 வழி, மொத்தம் 216. வட்டம் வருபவை 12. அதாவது பதினெட்டில் ஒன்று. ஆட்கள் எண்ணிக்கை ஏற ஏற இது 8.8 விழுக்காட்டை ஒட்டிப் போய் நிற்கும், மூன்று வேட்பாளர் என்றால்.

நிஜத்தில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதில்லை. இதற்கு டங்கன் பிளாக் 1948இல் அழகான விடை ஒன்று சொன்னார். வேட்பாளர்களை ஒரே கோட்டில் இடமிருந்து வலமாக நிறுத்த முடிந்து, ஒவ்வொரு வாக்காளரும் தனக்குப் பிடித்த இடத்திலிருந்து விலக விலகக் குறைவாக விரும்பினால், வட்டம் வரவே வராது. நடுவாக்காளருக்குப் பிடித்தவர் எல்லாரையும் வெல்வார். பகாஎண் கட்டு அப்படிப்பட்டதுதான். க ஒரு முனை, த மறு முனை, ச நடு. அதனால்தான் ச-வைக் கடைசியில் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

#9 தாமரைக்குளம்

மூன்று பேர் வட்டத்தை மூன்று காகிதத் துண்டில் எழுதி மேசையில் வைத்துப் பார்த்தேன். எந்தத் துண்டிலும் தப்பில்லை, சேர்த்தால் தப்பாகிறது. ஆச்சரியமாக இருக்கிறது.

அப்படியென்றால் எந்த முறையுமே சரியில்லையா? எல்லாவற்றிலும் ஓட்டை என்று கணிதமே நிரூபித்துவிட்டது என்று எங்கோ கேட்ட ஞாபகம்.

#10 கூட்டல்கழித்தல்

நீங்கள் கேட்டது கென்னத் ஆரோவின் தேற்றம், 1951. அதைப் பலர் "ஜனநாயகம் சாத்தியமில்லை" என்று சுருக்கிவிடுகிறார்கள். அது பெரிய தவறு, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆரோ கேட்டது இதுதான். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேட்பாளர்கள். மக்கள் எந்த வரிசையை எழுதினாலும் கூட்டத்துக்கு ஒரு வரிசை தரும் விதி வேண்டும். எல்லாருமே க-வை ச-வுக்கு மேலே எழுதினால் முடிவிலும் க மேலே இருக்க வேண்டும். அப்புறம், க-வா ச-வா என்ற கேள்விக்கு மக்கள் அந்த இருவரை எப்படி வரிசைப்படுத்தினார்கள் என்பது மட்டுமே கணக்கு. மூன்றாமவர் எங்கே நிற்கிறார் என்பது அதைத் தொடக்கூடாது. இவ்வளவும் வேண்டுமென்றால், ஒரே ஒருவருடைய சீட்டை அப்படியே நகலெடுக்கும் விதி மட்டும்தான் மிஞ்சும். சர்வாதிகாரம்.

இதில் கனமான நிபந்தனை கடைசியில் சொன்னது. மேலே ஞ வந்ததும் க-வும் ச-வும் இடம் மாறினார்களே, அது அந்த நிபந்தனை உடைந்த இடம். வட்டம் வரும்போது எந்த விதியும் ஏதாவது ஒரு ஜோடியில் பெரும்பான்மையை மீறியே ஆக வேண்டும். தேற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. வட்டம் இல்லாத கட்டுகளில், அதாவது பிளாக் சொன்ன கோட்டு வகைக் கட்டுகளில், ஜோடிக் கணக்கு ஆரோவின் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றிவிடும். அதனால் தேற்றம் சொல்வது "எப்போதும் கெடும்" என்பதல்ல. "ஒருபோதும் கெடாத விதி இல்லை" என்பது.

தந்திரத்துக்கும் இதே போன்ற ஒரு முடிவு உண்டு. கிப்பார்ட் 1973இல், சாட்டர்த்வைட் 1975இல், தனித்தனியே நிரூபித்தார்கள்: மூன்று பேராவது வெல்ல வாய்ப்புள்ள எந்த விதியிலும், ஒருவர் சொல்வதே முடிவு என்று இல்லாதவரை, பொய் வரிசை எழுதி லாபம் அடையும் சூழல் ஒன்று எங்காவது இருக்கும். என் பக்கத்துக்கும் ஒரு அடி: நான்கு வேட்பாளர்கள் வந்துவிட்டால் கோந்தோர்சே வெற்றியாளரை எப்போதும் தேர்ந்தெடுக்கும் எந்த விதியிலும், "ஓட்டுப்போட வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்ற நிலை சில கட்டுகளில் வரும். 1988இல் ஏர்வே மூலான் நிரூபித்தது.

எனவே என் பதில், தாமரைக்குளம்: எல்லா முறைக்கும் ஓட்டை இருக்கிறது, ஆனால் எல்லா ஓட்டையும் ஒரே அளவில்லை. கெடும் கட்டு எவ்வளவு அடிக்கடி வரும், வந்தால் எவ்வளவு மோசமாகக் கெடும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனிப் பெரும்பான்மை, ஒரே தரப்பில் இருவர் நின்றாலே கெட்டுவிடும். அது எல்லாத் தேர்தலிலும் நடப்பது. நீக்க முறை, மூன்று பேர் ஏறத்தாழ சமபலத்தில் இருக்கும்போது கெடும். ஜோடிக் கணக்கு, பெரும்பாலும் வட்டத்தை ஒட்டிய கட்டுகளில் கெடும். நான் கடைசியை ஏற்கிறேன்.

#11 சீட்டெண்ணி

கூட்டல்கழித்தல் சொன்னதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் போடும் தேர்தலுக்கு நான் இன்னும் நீக்க முறை பக்கம்தான். "இவர் போனார், இவருடைய சீட்டு இங்கே வந்தது" என்று கதையாகச் சொல்ல முடிகிறது, முகவர்கள் கண்ணெதிரே கட்டு நகர்கிறது. தோற்றவர் முகவர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது சின்ன விஷயமில்லை. நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

மக்கள் ஏற்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டன் நகரம் சாட்சி. 2009 மேயர் தேர்தலில் நீக்க முறையில் ஜெயித்தவர் ஒருவர், மூவரில் தனித்தனியே எல்லாரையும் வெல்லக்கூடியவர் வேறொருவர், முதல் விருப்பம் அதிகம் வாங்கியவர் மூன்றாமவர். உங்கள் 21 சீட்டு மாதிரியே. 2010இல் அந்த நகரம் முறையையே வாக்கெடுப்பில் நீக்கிவிட்டது.

எதிர்ப்பக்கம் ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பல மையங்களில் எண்ணினால் நீக்க முறை சிரமம். யாரை நீக்குவது என்பது எல்லா மையத்து எண்ணும் வந்து சேர்ந்த பிறகே தெரியும். அதுவரை அடுத்த சுற்று தொடங்க முடியாது. ஜோடிக் கணக்கில் ஒவ்வொரு மையமும் ஒரு சின்ன அட்டவணையை நிரப்பி அனுப்பினால் போதும், கூட்டிவிடலாம். 10 வேட்பாளர் என்றாலும் 90 எண்கள்தான்.

21 பேருக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. எல்லாச் சீட்டையும் ஒரே மேசையில் விரித்து வைக்கலாம். அதனால் பகாஎண் குழுவுக்கு ஜோடிக் கணக்கே நல்லது என்பேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். வட்டம் வந்தால் என்ன செய்வது என்பதைப் பெட்டி திறக்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். சீட்டைப் பார்த்த பிறகு விதி எழுதினால் அது விதியல்ல, ஆளைத் தேர்ந்தெடுப்பது.

#12 நீலத்திமிங்கிலம்

வட்டத்துக்கு ஒரு வரி விதி: ஒவ்வொருவரும் வாங்கிய மிகப் பெரிய தோல்வி எவ்வளவு வித்தியாசத்தில் என்று பாருங்கள், அது யாருக்கு மிகச் சிறியதோ அவர் வெற்றி. மூன்று நான்கு பேர் போட்டிக்கு இது போதும். வேட்பாளர் அதிகம் என்றால் மார்க்கஸ் ஷுல்ட்சே வகுத்த முறை இருக்கிறது. டெபியன் மென்பொருள் திட்டம் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் பல ஆண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகிறது. கணினியில் சில வரிகள்தான், ஆனால் கையால் எண்ணும் குழுவுக்கு அதைச் சொல்லமாட்டேன்.

#13 வட்டப்பாதை

கடைசியாக ஒரு கேள்வி. வரிசையே வேண்டாம், "ஏற்கத்தக்கவர் எல்லார் பெயருக்கும் டிக் போடு" என்று வைத்தால்? எனக்கு வேண்டிய எளிமையும் இருக்கும், ஓட்டும் பிரியாது.

#14 கூட்டல்கழித்தல்

ஏற்பு முறை. நல்ல முறைதான். வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரம் 2020இல் அப்படித் தேர்தல் நடத்தியது. கஷ்டம் எங்கே வருகிறது என்றால், க-வின் ஆதரவாளர் ச-வுக்கும் டிக் போடுவதா வேண்டாமா என்று தயங்கும் இடத்தில். போட்டால் க-வுக்குக் கேடு, போடாவிட்டால் த வந்துவிடலாம். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை ஒவ்வொருவரும் மற்றவர்களை ஊகித்து முடிவுசெய்ய வேண்டும். வரிசைச் சீட்டில் அந்த ஊகம் குறைவு. ஆனால் இன்றைக்குத் தனிப் பெரும்பான்மையில் இருக்கும் குழு ஒன்று ஏற்பு முறைக்கு மாறினால் நான் சந்தோஷப்படுவேன்.

#15 பகாஎண்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று குழு கூடியது. இந்த இழையை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன்.

முடிவானவை: த செயலாளராகத் தொடர்கிறார். பெட்டி திறக்கும்போது இருந்த விதி அது. ச-வே எழுந்து அதைச் சொன்னார். அடுத்த தேர்தலிலிருந்து ஜோடிக் கணக்கு. வட்டம் வந்தால் நீலத்திமிங்கிலம் சொன்ன "மிகச் சிறிய பெரும் தோல்வி" விதி, அதிலும் சமன் என்றால் குலுக்கல். இதை எழுதி 21 பேரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. சீட்டெண்ணி ஐயா சொன்ன இரண்டாம் விருப்பத்துப் பயத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசினோம். க-வுக்கு ஓட்டுப்போட்ட ஒருவர், "ச-வை எழுதினால் க-வுக்குக் கேடு வரலாம் என்று தெரிந்தே எழுதுவேன், த-வை விட ச மேல் என்பது என் உண்மையான கருத்து" என்றார். அதற்குப் பிறகு யாரும் எதிர்க்கவில்லை.

பழைய கட்டை வைத்தே ஒத்திகை பார்த்தோம். ஒருவர் சீட்டைப் படிக்க, இருவர் தனித்தனித் தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். முதல் முறை ஒருவருடைய தாளில் ச-த ஜோடி 14, 6 என்று வந்தது. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 21 வர வேண்டுமே, 20 என்றால் ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது என்று உடனே பிடித்துவிட்டோம். திரும்பப் படித்தோம். க-ச 8, 13. ச-த 14, 7. க-த 10, 11. மூன்றும் 21. இரண்டு தாளும் ஒன்றாக இருந்தன, அவற்றைப் பழைய சீட்டுகளோடு சேர்த்துக் கட்டி உறையில் போட்டு வைத்திருக்கிறோம்.